வேடந்தாங்கல் ஏரி வற்றுவது ஏன், எப்போது போகலாம்?

கேள்வி: கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல் போனோம். ஏரியில் பாதிக்கு மேல் வெடித்த சேறு, நாலைந்து கொக்குகள், அவ்வளவுதான். இத்தனை பேர் வரும் இடத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிறுத்தி வைக்கக் கூடாதா? எந்த மாதம் போனால் பறவைகளைப் பார்க்கலாம்?

பதில்: பிள்ளைகள் ஏமாந்து திரும்பியது வருத்தம்தான். ஆனால் நீங்கள் பார்த்த அந்த வெடித்த சேறும் ஏரி நன்றாக இருப்பதற்குத் தேவை.

வேடந்தாங்கல் அடிப்படையில் ஒரு பாசன ஏரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும், மதகு வழியாக வயலுக்குப் போகும், கோடையில் வற்றும். ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்கள் (நீர்க்கடம்பு என்றும் சொல்வார்கள்) மாதக்கணக்கில் தண்ணீரில் நின்று தாங்கக்கூடியவை. அதற்காக வருடம் முழுக்க மூழ்கடித்து வைத்தால் அவையும் நலியும். வேருக்குக் காற்று வேண்டும். போதாததற்கு, ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் இலையில் படிந்து கிளைகளைக் காய வைத்துவிடும். பட்டுப்போன மரங்களுக்குப் பதில் புதுக் கன்று வைக்க வேண்டுமென்றால் தரை தெரிய வேண்டும். மண்ணைக் குவித்து மேடு போடுவது, அதில் கன்று நடுவது, தூர் எடுப்பது, கரையைப் பலப்படுத்துவது, சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குவது எல்லாம் ஏரி காய்ந்திருக்கும்போதுதான் நடக்கும்.

தூர் எடுப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். ஒரே ஆழமாகக் குடைந்துவிட்டால் அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் போன்ற நீர்ப்பறவைகள் கால் ஊன்றி மேய இடம் இருக்காது. ஆழம், மேடு, ஓரத்துச் சதுப்பு மூன்றும் கலந்திருப்பதே நல்லது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால்தான் பூனையும் கீரியும் கூட்டுக்கு எளிதில் வர முடிவதில்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பறவைகள் இங்கே கூடு கட்டினாலும், இரையில் பெரும்பகுதியைச் சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல் வயல்களிலும்தான் தேடுகின்றன. நத்தைகுத்தி நாரைக்கு வயல் நத்தைதான் சாப்பாடு. அதனால்தான் 1998இல் ஏரியோடு அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்தார்கள். பக்கத்து வயலில் பூச்சிமருந்து அளவு மீறினால் கூட்டில் குஞ்சு தாங்காது. பதிலுக்கு, எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. இதை அனுபவத்தில் அறிந்த ஊர்க்காரர்கள், பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்து வாங்கியிருக்கிறார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நெகிழும்.

சரி, எப்போது போவது? மாதத்தைப் பார்ப்பதைவிட மழையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால், நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் இருக்கும். மழை பொய்த்த வருடம் பருவம் சீக்கிரம் முடிந்துவிடும். கிளம்பும் முன் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு என்றால் ஜனவரிதான் என் தேர்வு. கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். வெயில் ஏறினால் நத்தைகுத்தி நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தருவதைப் பார்க்கலாம். அதன் அலகைக் கவனிக்கச் சொல்லுங்கள்: பெரிய பறவைக்கு மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் சேராமல் சந்து தெரியும், குஞ்சுக்கு அது இருக்காது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் கரையை விட்டு நகர மாட்டார்கள்.

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் வந்து படாளத்தில் திரும்ப வேண்டும். காலை ஆறரைக்கெல்லாம் கரையில் இருக்கப் பாருங்கள். இல்லையென்றால் மாலை நாலு மணிக்கு மேல். பைனாகுலர் கட்டாயம் வேண்டும், மரங்கள் கரையிலிருந்து தள்ளித்தான் இருக்கின்றன. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடை வேண்டாம். பறவை பறப்பதைப் படமெடுக்கக் கை தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாய்ப்பறவை எழுந்து போன அந்த நேரத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். ஒரு நாள் முழுக்க நேரம் இருந்தால் பக்கத்திலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்கும் போய் வாருங்கள். அங்கே வாத்துகளை நிதானமாகப் பார்க்கலாம். மாலைக்குள் வேடந்தாங்கலுக்கே திரும்பிவிட்டால், மேய்ச்சலுக்குப் போனவை வரிசை வரிசையாக வந்து மரத்தில் இறங்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.