தரையைத் தொடப்போகும் நேரத்தில் விமானத்தை மறுபடி மேலே ஏற்றினால், விமானிக்கு அனுபவம் போதாது என்று அர்த்தமா?

இல்லை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் நகர முடியவில்லை.

சென்னையிலிருந்து தூத்துக்குடி வந்த சின்ன விமானம் கோணலாகவே இறங்கியது, தரைக்குச் சில அடி இருக்கும்போது திரும்ப ஏறிவிட்டது, பக்கத்து சீட்டுக்காரர் "புதுப் பைலட் போல" என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனி ஆடியில் மதிய விமானமாக இருந்திருக்கும். நான் அந்த வழித்தடத்தில் ஏடிஆர் 72 என்ற ப்ரொப்பெல்லர் விமானம் ஓட்டியவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

முதலில் அந்தக் கோணல். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் ஓடுபாதை கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மலைக் கணவாய் வழியாக வரும் காற்று நேர் மேற்கிலிருந்து வந்தால் எங்களுக்குச் சௌகரியம். கொஞ்சம் வடக்கே திரும்பிவிட்டால் பக்கவாட்டில் அடிக்கும். அப்போது மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் நேர்கோட்டில் வர முடியும். ஆற்றைக் கடக்கும் பரிசல்காரர் எதிர்க்கரைத் துறைக்குச் சற்று மேலே பார்த்துத் துடுப்புப் போடுவாரே, அதே கணக்கு. ஜெட்டை விட ஏடிஆர் மெதுவாக வருவதால் கோணமும் கூடுதல். தரைக்குச் சில அடி உயரத்தில் ரடரை (வாலில் இருக்கும் திருப்பும் பலகை) மிதித்து மூக்கை நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் வைக்க வேண்டும். இறக்கை நுனிக்கு நுனி 27 மீட்டர், சக்கரங்களுக்கு இடையே 4.1 மீட்டர்தான். ஒரு கஸ்ட், அதாவது திடீர்க் காற்று வீச்சு, இறக்கைக்கு அடியில் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் கதை. 2017 ஜூலை. அன்றைக்கு ஓட்டியது நான். வலது சீட்டில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடல் பக்கமிருந்து திரும்பும்போதே அனல்மின் நிலையத்துப் புகை மேலே எழும்பாமல் கடலைப் பார்த்துப் படுத்துக்கிடந்தது. விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் சொன்ன காற்று 330 டிகிரி, அதாவது வடமேற்கிலிருந்து, 22 நாட் (மணிக்குச் சுமார் 40 கி.மீ.), கஸ்ட் 34. ஓடுபாதைக்குக் குறுக்கே மட்டும் 17 நாட், கஸ்டில் 26. ஏடிஆர் 72 சோதனையில் 35 நாட் குறுக்குக் காற்றுவரை இறங்கிக் காட்டிய விமானம், அதனால் அது வரம்பு மீறிய காற்று இல்லை. ஆனால் அன்றைய ஓடுபாதை 1,350 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கஸ்டுக்காக அணுகும் வேகத்தில் 12 நாட் கூட்டியிருந்தேன். கூட்டிய வேகம் ஓடுபாதையைத் தின்னும், கூட்டாவிட்டால் காற்று விடும்போது விமானம் பொத்தென்று விழும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.

முப்பது அடியில் காற்று சட்டென்று விட்டது. வேகம் இறங்கியது, விமானம் நடுக்கோட்டை விட்டு ஒதுங்கியது. பவர் லீவரை இழுக்கவும் முடியாது. ஏடிஆரில் இறக்கைக்கு மேல் ஓடும் காற்றில் ஒரு பங்கு ப்ரொப்பெல்லர் தள்ளுவது, பவரைக் குறைத்தால் அந்தத் தூக்கலும் போய்விடும். ஒரு நொடி, "சரிபண்ணி வச்சுடலாம்" என்று என் கை நினைத்தது. இத்தனை வருஷப் பழக்கம் அப்படித்தான் நினைக்க வைக்கும். அந்த நொடியில் அந்தப் பெண் தெளிவாக, சத்தமாக, "கோ அரவுண்ட்" என்றார், இறங்காமல் மேலே ஏறு என்று அர்த்தம். பவர் ஏற்றினேன், அவர் இறக்கையின் பின்பக்கப் பலகைகளான ஃப்ளாப்ஸை 15-க்குக் கொண்டுவந்தார், ஏறுகிறது என்று உறுதிசெய்து சக்கரங்களை மடக்கினார். இரண்டாவது முறை 500 அடியிலேயே டவர் கஸ்ட் 38 என்றது. அதோடு மதுரைக்குத் திருப்பிவிட்டோம். அங்கே ஓடுபாதை 45 மீட்டர் அகலம், காற்றும் அவ்வளவு இல்லை. இறங்கினோம்.

கதவு திறந்ததும் ஒரு பெரியவர் காக்பிட் வாசலுக்கே வந்துவிட்டார். வலது சீட்டைப் பார்த்து, "பொம்பளப் புள்ள கையில குடுத்துட்டு எங்க உசுரோட வெளையாடுதீயளா?" என்றார். பின்னால் இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் எழுந்து, "ஓட்டுனது நான்தான் ஐயா. மேல ஏத்தச் சொன்னதுதான் இந்தப் பொண்ணு. அவங்க சொன்னதுதான் சரி" என்றேன். அவர் பதில் பேசாமல் இறங்கிப் போனார். "விடுங்க சார்" என்றுவிட்டு அந்தப் பெண் எரிபொருள் கணக்கை எழுதத் தொடங்கினார். கை நடுங்கவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை, இன்னும் ஆறவில்லை.

பைலட்டுக்குப் பைலட் வக்காலத்து என்று யாராவது கருத்துப் போடுவீர்கள். தப்பு செய்யும் விமானிகள் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. 2014 ஜூலை 23 அன்று தைவானின் பெங்கு தீவுகளில், மகோங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏடிஆர் 72 விழுந்து 48 பேர் இறந்தார்கள். புயல் மழையில் ஓடுபாதை கண்ணில் படாமலேயே, இறங்கக்கூடாத உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். மேலே ஏற முடிவெடுத்தபோது நேரம் கடந்துவிட்டது. எங்கள் பயிற்சி வகுப்புகளில் அதைப் பலமுறை பேசியிருக்கிறோம். பெரிய ஜெட் ஓட்டும் நண்பர்கள் நான் சொன்ன எண்களைத் தங்கள் விமானத்தோடு ஒப்பிட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அந்த விமானத்தில் வருகிறவர்களில் பாதிப் பேர் திருச்செந்தூருக்கும் கல்யாண வீடுகளுக்கும் போகிறவர்கள். முதல் தடவை பறக்கும் ஆச்சிகள் உண்டு. அவர்களுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் அறிவிப்புச் செய்தால் யாருக்குப் புரியும்? விமானம் திடீரென்று இரைந்துகொண்டு மேலே ஏறுகிறது, ஏன் என்று அவர்கள் மொழியில் சொல்ல ஆள் இல்லை. கை ஓய்ந்ததும், "காற்று பலமா இருக்கு, சுத்திட்டு வந்து இறங்குவோம், பயப்பட வேண்டாம்" என்று நான் தமிழில் சொல்லிவிடுவேன். அதற்காகவே ஒருமுறை அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். மறுநாள் பத்திரிகையில் "பயணிகள் உயிர் தப்பினர்" என்று வருவதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. யாரும் எதிலிருந்தும் தப்பவில்லை, இரண்டு பேர் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

இப்போது வாகைக்குளத்தில் ஓடுபாதை 3,115 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. அந்தப் பெண் இப்போது இடது சீட்டில் கேப்டன். போன வாரம் போனில் பேசும்போது, தூத்துக்குடியில் ஒரு தடவை சுற்றிவிட்டுத்தான் இறங்கினேன் சார் என்றார். காற்று எவ்வளவு என்று கேட்டேன். "330 தான்" என்றார்.