பந்து கைக்கு வருவதற்கு முன்னால்

வணக்கம் அண்ணா,

மெல்பர்னுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. நான் கிரிக்கெட்டோடு வளர்ந்தவன், மகனுக்கோ ஃபூட்டிதான் எல்லாம், அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பால், அதிலும் மெல்பர்ன் டீமன்ஸ் அணி. 2021 இறுதிப் போட்டியில் கிறிஸ்டியன் பெட்ராக்கா ஆடிய மாதிரி இனி ஒரு மிட்ஃபீல்டர் ஆட முடியாது என்கிறான், 39 தடவை பந்தைக் கொடுத்தார், 39 டிஸ்போசல் என்று கணக்கும் சொல்கிறான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஆப்பைத் திறந்தால், பின்வரிசையில் ஆளில்லாத இடத்தில் நின்று பக்கத்தில் உதைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பவரும் 30 எடுத்திருக்கிறார். இந்த வருடம் முன்வரிசையிலிருந்து நடுவுக்கு மாற்றப்பட்ட ஒரு பையனை வர்ணனையாளர்கள் ‘இம்பாக்ட், இம்பாக்ட்’ என்று கொண்டாடுகிறார்கள், அவன் எடுப்பது 17, 18தான். எண்ணிக்கை இல்லையென்றால் ஒருவன் முன்னேறுகிறான் என்பதை எதை வைத்துச் சொல்வது?

செ.

அன்புள்ள செ,

கிரிக்கெட் ஆளுக்கு இது கஷ்டம்தான். ஸ்கோர்கார்டைப் பார்த்தே பாதி ஆட்டத்தைச் சொல்லிப் பழகிவிட்டோம். நானும் இங்கே வந்த புதிதில் மறுநாள் பேப்பரில் டிஸ்போசல் பட்டியலைப் பார்த்து, மேலே இருப்பவன்தான் நல்லா ஆடினான் என்று ஆபீஸில் அடித்துவிட்டு, காலிங்வுட் அணியின் ரசிகர் ஒருவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டிஸ்போசல் என்பது காலால் உதைத்ததும் கைக்குத்தால் கொடுத்ததும் சேர்ந்த மொத்தம், அவ்வளவுதான். ஐம்பது மீட்டர் போய் கோலுக்கு முன்னால் விழுந்த உதையும் ஒன்று, பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டடி குத்திக் கொடுத்ததும் ஒன்று. நாலு பேர் மேலே விழும்போது தரையிலிருந்து பிடுங்கி எடுத்த பந்தா, சும்மா நின்றபோது வந்து சேர்ந்த பந்தா என்று அந்த மொத்தம் சொல்லாது. ஆப்பிலேயே கொஞ்சம் கீழே போனால் ‘கன்டெஸ்டட்’ (மோதி எடுத்த பந்து) என்றும் ‘கிளியரன்ஸ்’ (நெரிசலிலிருந்து வெளியே கொண்டுவந்த பந்து) என்றும் தனித்தனியாக இருக்கும், உங்கள் பின்வரிசைக்காரருக்கு அங்கே எவ்வளவு என்று பாருங்கள்.

ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடுவுக்கு வருகிறது இல்லையா, மிட்ஃபீல்டரின் உண்மையான பரீட்சை அங்கேதான். நடுச்சதுரத்துக்குள் ஒரு அணிக்கு நாலு பேர்தான் நிற்கலாம், மேலே வரும் பந்தை எம்பித் தட்டிவிடும் ஒரு ரக்மேன், மூன்று மிட்ஃபீல்டர்கள். 2019இலிருந்து முன்னால் ஆறு பேர், பின்னால் ஆறு பேர் என்றும் கட்டாயமாக்கிவிட்டார்கள், அதனால் உள்ளே இருப்பவர்களில் ஒருவன் பந்தோடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் எதிரே கூட்டமே கிடையாது, சில நொடிகளிலேயே அடுத்த கோல் போட்டுவிடலாம்.

2021 இறுதிப் போட்டியில் நடந்தது அதுதான். கோவிட்டால் ஆட்டம் மெல்பர்னின் எம்சிஜி மைதானத்தில் இல்லாமல் பெர்த்துக்குப் போயிருந்தது. மூன்றாவது குவார்ட்டர் பாதியில் எதிரணி வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 19 பாயிண்ட் முன்னால். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை மெல்பர்ன் 100, புல்டாக்ஸ் 7. நம்ப முடியாத கணக்கு, கடைசியில் 140க்கு 66. ரக்மேன் மேக்ஸ் கான் தட்டிவிட, பெட்ராக்காவும் கிளேட்டன் ஆலிவரும் நடுவிலிருந்து திரும்பத் திரும்ப பந்தை வெளியே கொண்டுவந்தார்கள். புல்டாக்ஸுக்கு மூச்சு வாங்கவே நேரம் கொடுக்கவில்லை. பெட்ராக்காவுக்கு 39 டிஸ்போசல், இரண்டு கோல், இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம், அணிக்கு 1964க்குப் பிறகு முதல் கோப்பை. அந்த 39, 2003இல் பிரிஸ்பேனின் சைமன் பிளாக் வைத்த இறுதிப் போட்டிச் சாதனைக்குச் சமம், அதையும் மகனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான். ஆனால் அவன் சொல்வது சரி, அதற்குக் காட்டும் காரணம்தான் தப்பு. அன்று 28 எடுத்திருந்தாலும் நான் அவருக்குத்தான் பதக்கம் கொடுத்திருப்பேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெட்ராக்காவும் அந்தப் பையன் மாதிரி முன்வரிசையிலிருந்து வந்தவர்தான். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2014இல் இரண்டாவதாக எடுக்கப்பட்டு, முழங்கால் தசைநார் கிழிந்து 2015 முழுக்க ஆடாமல், 2016இல்தான் முதல் ஆட்டம். அப்புறம் நாலு வருடம் பெரும்பாலும் முன்வரிசை, நடுவில் எப்போதாவது. ‘திறமை இருக்கு, ஆனா…’ என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ‘ஆனா’ என்னவென்றால் ஓட்டம். மிட்ஃபீல்டர் ஒரு ஆட்டத்தில் பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் ஓட வேண்டும், அதுவும் சீராக ஓடுவதில்லை, பாய்வது, விழுவது, எழுந்து மறுபடி பாய்வது. அதற்கான மூச்சு இல்லாதவனுக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் முன்வரிசைதான் இடம். 2020இல் அந்த மூச்சோடு வந்தார், முழுநேரம் நடுவில் நிறுத்தினார்கள், அந்த வருடமே ஆல்-ஆஸ்திரேலியன் அணியில், அதாவது வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம்.

முன்வரிசையில் கழித்த வருடங்கள் வீணும் இல்லை. நடுவில் பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே முன்னால் நழுவிப் போய் நிற்பார், துரத்தி வருகிற எதிரணி மிட்ஃபீல்டருக்கு உயரே வரும் பந்தை எம்பித் தடுத்துப் பழக்கமிருக்காது. ஒரு மிட்ஃபீல்டர் கோலும் போடுகிறான் என்றால் எதிரணிக் கோச்சுக்குத் தலைவலி இரண்டு. சிட்னியின் ஐசக் ஹீனி 2024இல் செய்ததும் இதையேதான், 2015இலிருந்து ஆடுபவர், பல வருடம் முன்வரிசையில் கோல் போட்டவர், நடுவுக்கு வந்த பிறகுதான் முழு உருவம் தெரிந்தது.

அதனால் நீங்கள் சொன்ன அந்த 17, 18 பையனை அடுத்த ஆட்டத்தில் பந்து இல்லாதபோது பாருங்கள். ரக்மேன் தட்டுவதற்கு முன் எங்கே நிற்கிறான், பந்து விழும் பக்கம் ஏற்கனவே நகர்ந்துவிட்டானா, இல்லை விழுந்த பிறகுதான் திரும்புகிறானா. பந்து எதிராளிக்குப் போய்விட்டால் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறானா, திரும்பி ஓடி டேக்கிள் போடுகிறானா. இரண்டாவதை நாலாவது குவார்ட்டரில் பார்க்க வேண்டும், முதல் குவார்ட்டரில் எல்லாரும் ஓடுவார்கள். அப்புறம், அவன் கொடுத்த பந்தை வாங்கியவனுக்கு நிமிர்ந்து பார்த்து உதைக்க நேரம் கிடைத்ததா, வாங்கின உடனே அடி வாங்கினானா. நேரம் கிடைத்தது என்றால் அவன் எடுத்த 17 போதும். டிவியில் இது பாதிதான் தெரியும், கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடும். கோலுக்குப் பின்னால், கொஞ்சம் மேல் வரிசையில் டிக்கெட் எடுங்கள், விலையும் குறைவு.

ஒன்று கேட்க வேண்டும். 2025 முடிவில் பெட்ராக்கா கோல்ட் கோஸ்ட்டுக்கும் ஆலிவர் ஜிடபிள்யுஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) அணிக்கும் போய்விட்டார்களே, உங்கள் வீட்டில் பெட்ராக்காவின் அந்த 5ஆம் எண் ஜெர்சி இன்னும் கொடியில் காய்கிறதா, பீரோவுக்குள் போய்விட்டதா?