நல்ல ஹெட்போன், டாக், ஆம்ப் எல்லாம் இருக்கிறது. இன்னும் நல்ல ஒலிக்கு அடுத்து எதை வாங்குவது?

சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன், டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் தனி டாக், சிக்னலைப் பெருக்கும் தனி ஆம்ப் வைத்திருக்கிறீர்கள். அடுத்து விலை கூடிய கேபிளா, பெரிய ஆம்பா என்று கேட்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். இந்த நிலைக்கு வந்த பிறகு காதுக்குத் தெளிவாகத் தெரியும் மாற்றம் இயர்பேடிலும் (காதைச் சுற்றி அமரும் மெத்தை) ஈக்யூவிலும்தான் (ஈக்வலைசர், அதாவது ஒலியின் அலைவரிசைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவது) இருக்கிறது.

இயர்பேட் நாளாக ஆக அமுங்கும். ஒலியை உண்டாக்கும் டிரைவர் காதுக்கு நெருங்கி வரும், அதோடு ஒலியின் சமநிலையும் மாறும். மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரியாது. புதியதை மாட்டிக் கேட்டால்தான் புரியும். அதே மாடலுக்கான அசல் பேடையே வாங்குங்கள். தடிமனோ மேல்துணியோ மாறினால் அது வேறு ஹெட்போன் மாதிரிதான் ஒலிக்கும்.

அப்புறம் ஈக்யூ. "நல்ல ஹெட்போனுக்கு ஈக்யூ போடக் கூடாது" என்று பலர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். எச்டி 650-இல் குரலும் வயலினும் அவ்வளவு இயல்பாக வரும், ஆனால் அடிமட்ட பேஸ் சரிந்துவிடும். பின்புறம் மூடப்படாத, திறந்த அமைப்பு கொண்ட பல ஹெட்போன்களில் இப்படித்தான். சென்ஹைசரின் எச்டி 800-இல் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கிறது. எஸ், ஷ் ஒலிகள் குத்துவது அதனால்தான். எந்த கேபிளும் இவற்றைச் சரி செய்யாது. விண்டோஸ் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். அதில் லோ ஷெல்ஃப் ஃபில்டரை (குறிப்பிட்ட அலைவரிசைக்குக் கீழே உள்ளதை எல்லாம் சேர்த்து ஏற்றுவது) 100 ஹெர்ட்ஸில் வைத்து 4 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிய அளவுக்கு அதே மென்பொருளில் ப்ரீஆம்பை, அதாவது மொத்த ஒலி அளவை, இறக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி சிதையும். ஷான் ஆலிவ் குழுவின் ஆய்வில் உருவான ஹார்மன் வளைவு (பெரும்பாலானோருக்குப் பிடித்த ஒலிச் சமநிலையைக் காட்டும் கோடு) தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் யாரோ போட்ட அளவீட்டை அப்படியே நம்ப வேண்டாம். காதின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும், அங்கே உங்கள் காதே முடிவு செய்யட்டும்.

ஆம்ப் பற்றிச் சுருக்கமாக: எச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தாலே 103 டெசிபல் வந்துவிடும், ஆக சக்தி உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பார்க்க வேண்டியது அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டில் உள்ள மின் எதிர்ப்பு. அது ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் சில டியூப் ஆம்ப்களில் இது மிக அதிகம்; அதனால்தான் அவற்றில் எச்டி 650-இன் மேல் பேஸ் கொஞ்சம் உப்பித் தெரிகிறது. அது பிடித்தவர்கள் உண்டு, தவறில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு ஆம்ப்களை ஒப்பிட ஆசை வந்தால், 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிய நிலையிலேயே இரண்டின் அவுட்புட் வோல்டேஜையும் அளந்து சமமாக்குங்கள். ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் வர வேண்டும். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பது எப்போதும் நல்ல ஒலி போலவே தோன்றும், பல "அப்கிரேடு"களின் ரகசியம் அதுதான். அளவைச் சமமாக்கி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டும் வித்தியாசம் தெரிந்தால், சரி, தாராளமாக வாங்குங்கள்.