மாதாமாதம் சளி: என் மகனுக்கு எதிர்ப்பு சக்தி குறைவா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. பள்ளியில் சேர்த்த ஐந்து மாதத்தில் ஐந்து முறை சளி பிடித்துவிட்டது. ஒருமுறை வந்தால் உடம்பு பழகிக்கொள்ளும் என்பார்களே, இவனுக்கு ஏன் அப்படி ஆகவில்லை? சத்து டானிக் ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: அவன் உடம்பு பழகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வந்தது பெரும்பாலும் வேறு வேறு வைரஸாக இருந்திருக்கும்.

சளிக்கு அதிகம் காரணமாவது ரைனோவைரஸ். பெயர்தான் ஒன்று; ஆனால் ஏ, பி, சி என்ற மூன்று பிரிவுகளில் 160 வகைகளுக்கு மேல் இருக்கின்றன. ஒரு வகைக்கு எதிராக உடம்பில் உருவான ஆன்டிபாடியை (வைரஸில் ஒட்டி அதைத் தடுக்கும் புரதம்) அதே வகை வைரஸோடு கலந்து செல்கள் வளரும் தட்டில் ஊற்றினால் செல்கள் பிழைத்துக்கொள்ளும். வேறு வகையோடு கலந்து ஊற்றினால் பெரும்பாலும் செல்கள் செத்துப்போகும். இப்படிச் சோதித்துத்தான் 1987-க்குள் 100 வகைகளுக்கு எண் கொடுத்தார்கள். சி பிரிவு வழக்கமான தட்டுகளில் வளராததால் 2006 வரை கண்ணில் படவே இல்லை.

வகைகளுக்குள் என்ன வித்தியாசம்? ஆன்டிபாடிக்கு முக்கியமான வித்தியாசம் வைரஸின் மேலோட்டில்தான். 1985-ல் 14-ஆம் எண் வகையின் மேலோட்டை அணு அளவில் படம்பிடித்தபோது, அதில் அகழி போன்ற பள்ளங்கள் தெரிந்தன. நம் மூக்கின் செல்லைப் பற்றிக்கொள்ளும் இடம் அந்த அகழிக்குள் இருக்கிறது. அது அதிகம் மாறுவதில்லை. ஆன்டிபாடி பெரும்பாலும் போய் ஒட்டுவது கரையோர மேடுகளில். வகைக்கு வகை மாறுவதும் அந்த மேடுகள்தான்! போன மாதம் உங்கள் மகன் தயாரித்த ஆன்டிபாடிக்கு இந்த மாதம் வந்த வைரஸை அடையாளம் தெரியாமல் போவது இதனால்தான்.

தடுப்பூசி இல்லாததற்கும் இதுவே முக்கியக் காரணம். 2016-ல் 50 வகைகளை ஒன்றாகக் கலந்து குரங்குகளுக்குப் போட்டதில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஆன்டிபாடி உருவானது. எனக்கு அது பெரிய நம்பிக்கை. ஆனால் மனிதர்களுக்கான ஊசி இன்னும் வரவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? இந்த வயதில் வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். ஒன்று வடிய பத்து நாள் ஆகும். அதற்குள் அடுத்தது வந்துவிட்டால் விடாத சளி மாதிரியே தோன்றும். டானிக் வேண்டாம். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாக மாறினாலும் அதற்காக மட்டும் கொடுக்கத் தேவையில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள், பொம்மையிலிருந்து கைக்கும் கையிலிருந்து மூக்குக்கும் போகிற வழி அதுதான்.

எடை ஏறாமல் நின்றாலோ, ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா வந்தாலோ, காதில் திரும்பத் திரும்பச் சீழ் வடிந்தாலோ குழந்தை மருத்துவரிடம் எதிர்ப்பு சக்திப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மூச்சு விடும்போது விலாவுக்கு இடையே தோல் உள்ளே இழுத்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், இரவானாலும் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.