அப்பாவின் காசுப் பெட்டி யாருக்கு?

கேள்வி: தாத்தா சேர்க்க ஆரம்பித்து அப்பா தொடர்ந்த நாணயச் சேகரிப்பு எங்கள் வீட்டில் இருக்கிறது. பதினோரு ஆல்பம், அது போக மூன்று தகர டப்பா. எண்ணிப் பார்த்ததில் 1,400 சொச்சம். அப்பாவுக்கு 81 வயது, நினைவெல்லாம் தெளிவாக இருக்கிறது, கண் பார்வைதான் மங்கிவிட்டது. பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். அண்ணன், மொத்தத்தையும் விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார். தங்கை, காசுகளையே மூன்று பங்காகப் போட்டுவிடலாம் என்கிறாள். எனக்கு இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை, வேறு என்ன செய்யலாம் என்று சொல்லவும் தெரியவில்லை. என் பிள்ளைகளுக்கு இதில் நாட்டம் கிடையாது. அண்ணன் மகள் மட்டும் (12 வயது) வரும்போதெல்லாம் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பாள். அப்பா இருக்கும்போதே இந்தப் பேச்சை எடுப்பது தப்பா?

பதில்: தப்பே இல்லை, சகோதரி. இப்போது பேசாமல் விடுவதுதான் தப்பாகிவிடும். விற்பதா, பிரிப்பதா, வைத்துக்கொள்வதா என்பதையெல்லாம் ஆறு மாதம் தள்ளிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒவ்வொரு காசும் எப்படி வந்தது, எது அரியது, எது போலி என்று தெரிந்தே வைத்திருப்பது, எதை யாரிடம் மாற்றிக்கொண்டது என்பதெல்லாம் உங்கள் அப்பாவின் தலைக்குள் இருக்கிறது, அதற்கு நகல் கிடையாது.

“உங்களுக்கு அப்புறம் இது யாருக்கு?” என்று ஆரம்பிக்காதீர்கள், எந்தத் தகப்பனுக்கும் அது சுருக்கென்று தைக்கும். ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், “இது எங்கே கிடைத்ததுப்பா?” என்று கேளுங்கள். பார்வை மங்கியிருந்தால் என்ன, காசைக் கையில் கொடுத்தால் எடையையும் விளிம்பையும் வைத்தே பாதியைச் சொல்லிவிடுவார். பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முடிந்தால் அந்த 12 வயதுப் பெண்ணையும் கூட உட்கார வையுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் பெரியப்பாவும் காசு சேர்த்தவர். ஒவ்வொன்றையும் தீப்பெட்டி அளவு காகித உறையில் போட்டு, உறைமேல் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்பு எழுதி வைப்பார். அவர் போன பிறகு வீட்டை ஒழித்தபோது, நாங்கள் அந்த உறைகளைப் பழுப்பேறிய குப்பை என்று நினைத்து எறிந்துவிட்டுக் காசுகளை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டினோம். ஒரே ஒரு உறை மட்டும் இழுப்பறை இடுக்கில் மாட்டிக்கொண்டு தப்பியது. அதில் இப்படி இருந்தது: “2.9 கிராம். தலைப் பக்கம் கீறல். கடனைத் திருப்பித் தர முடியாத நண்பர் கொடுத்தது. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.” அந்தக் காசு டப்பாவில் எது என்று இன்றுவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் வீட்டு ஆல்பத்திலும் டப்பாவிலும் இருக்கும் துண்டுச் சீட்டு, பழைய ரசீது, கடித உறை எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய விவரத்தோடு இருக்கும் காசுக்குச் சந்தையிலும் கூடுதல் நம்பிக்கை உண்டு, ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வேலை பட்டியல். 1,400 என்றால் மலைப்பாக இருக்கும், நாளுக்கு இருபது என்று வைத்துக்கொண்டால் 70 நாள்தான். காசுக்கு ஒரு எண், இரு பக்கமும் படம், கிராமில் எடை, மில்லிமீட்டரில் விட்டம், அப்பா சொன்னது ஒரு வரி. எடைக்கு 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும், உலோகமும் எடையும் பொருந்தாத போலிகள் அதிலேயே பாதி மாட்டிவிடும். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், முகத்தில் விரல் பட்டால் சில நாளில் ரேகை அப்படியே பதிந்து கறுத்துவிடும். மெத்தென்ற பழைய பிளாஸ்டிக் உறைகள் இருக்கிறதா என்றும் பாருங்கள், திறந்தால் புது ரெயின்கோட் மாதிரி ஒரு வாடை வரும். அது பிவிசி என்ற பிளாஸ்டிக். நாள்பட அதிலிருந்து கசிவது காசின் மேல் பச்சையாக, பிசுபிசுவென்று படிந்து உலோகத்தையே அரிக்கும். அப்படிப்பட்ட உறையில் இருப்பதை முதலில் வெளியே எடுத்து, அமிலமில்லாத காகித உறைக்கோ மைலார் (பிவிசி இல்லாத பிளாஸ்டிக்) உறைக்கோ மாற்றிவிடுங்கள்.

சரி, பங்குக்கு வருவோம். தங்கை சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காசை எண்ணிக்கையால் பிரித்தால் அது நியாயப் பங்கே ஆகாது. ஒரே அச்சில் ஆண்டு வரிசையாக இருபது காசு இருக்கிறது என்று வையுங்கள், அதை ஏழு, ஏழு, ஆறு என்று பிரித்தால் மூன்று பேர் கையிலும் இருப்பது பொக்கை வாய்தான். பெரும்பாலான சேகரிப்பில் ஒரு கைப்பிடிக் காசுகள்தான் மதிப்பின் பெரும்பகுதியைத் தாங்கும், மீதியெல்லாம் மனசுக்கு நெருக்கமானவை. அந்தக் கைப்பிடி எது என்று தெரியாமல் பிரித்தால் பத்து வருஷம் கழித்து ஒருவருக்கு விஷயம் தெரியவரும், அன்றைக்கு வரும் மனக்கசப்பு காசைவிடப் பெரிதாக இருக்கும்.

அண்ணன் சொல்வதிலும் தவறில்லை. பார்க்க ஆளில்லாமல் அலமாரியில் கிடப்பதைவிட, தேடிக்கொண்டிருக்கும் ஒரு சேகரிப்பாளரின் கைக்குப் போவது காசுக்கே நல்லது. ஆனால் விற்பதானாலும் முதலில் மதிப்பீடு வேண்டும், மதிப்புப் போடுகிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இதில் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்புப் போட்டுத் தருகிறவரிடம் எழுத்தில் வாங்குங்கள், முக்கியமானவற்றுக்கு இரண்டாவது ஆளிடமும் கேளுங்கள்.

ஒரே ஆள் சொன்னதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1913-ஆம் ஆண்டு பொறித்த லிபர்ட்டி ஐந்து சென்ட் காசு உலகத்திலேயே ஐந்துதான் தெரியும். அதில் ஒன்றை வைத்திருந்த ஜார்ஜ் வால்டன் என்ற சேகரிப்பாளர் 1962-இல் கார் விபத்தில் இறந்துபோனார். சேகரிப்பை ஏலத்துக்குக் கொண்டுபோனபோது, இது ஆண்டைத் திருத்திய போலி என்று அந்தக் காசை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய சகோதரி அதை எறியாமல் அலமாரியிலேயே வைத்திருந்தார். 2003-இல் பால்டிமோரில் மற்ற நான்கு காசுகளும் ஒரே இடத்துக்கு வந்தபோது, குடும்பத்தார் இதையும் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அசல் என்று முடிவானது. 2013-இல் ஏலத்தில் 30 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. உங்கள் டப்பாவில் அப்படி ஒன்று இருக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சகோதரி எறியாமல் வைத்திருந்தார் பாருங்கள், அதற்காகச் சொன்னேன்.

உங்கள் மூவருக்கும் எனக்குத் தோன்றும் வழி இதுதான். முதல் சுற்றில் மதிப்பே பேசாதீர்கள். ஆளுக்கு ஐந்தோ பத்தோ காசு, நினைவுக்காக, அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளட்டும். முறை வைத்து எடுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று போனால் திரும்பி மூன்று, இரண்டு, ஒன்று என்று வரவேண்டும், அப்போதுதான் கடைசி ஆளுக்குக் குறை இருக்காது. ஒருவர் எடுத்தது மதிப்பில் மிகவும் கூடியது என்று பிறகு தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள். அப்புறம் முழு வரிசைகளை உடைக்காமல் மொத்தமாக வைத்துக்கொள்ள யாருக்காவது மனம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், மதிப்பீட்டின்படி மற்ற இருவருக்கும் அவர் பணமாகவோ வேறு சொத்திலோ ஈடுகட்டலாம். மீதியை அண்ணன் சொன்னபடி விற்றுவிடலாம். இதில் அப்பாவின் வார்த்தைக்குத்தான் முதல் மரியாதை, அதை உயிலிலும் பட்டியல் எண்ணோடு எழுதிவிடச் சொல்லுங்கள். வாரிசு வரி, பழம்பொருள் சட்டம் இதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், மிகப் பழைய காசுகள் இருந்தால் விற்பதற்கும் நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதற்கும் முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

அண்ணன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை. 12 வயதுக் குழந்தை தலையில் “இனி நீதான் குடும்பப் பொக்கிஷத்தைக் காப்பாற்ற வேண்டும்” என்று 1,400 காசையும் ஏற்றாதீர்கள், இருக்கிற ஆசையும் போய்விடும். ஒரு ஆல்பம் கொடுங்கள், அதில் இரண்டு மூன்று குழி காலியாக இருக்கட்டும். அதை நிரப்ப அவளே தேடட்டும்.

கேள்வி: கணவர் வழியில் வந்த வெள்ளி, செப்புக் காசுகள் கறுத்துக் கிடக்கின்றன. பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது. பளிச்சென்று ஆக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா, தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, உலோகம் பல வருஷமாகத் தானே போர்த்திக்கொண்ட மேல்தோல். தேய்த்தால் அதோடு சேர்த்து அச்சில் அடித்தபோது வந்த மெல்லிய ஒளியும் போய்விடும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் மயிரிழை மயிரிழையாகக் கீறல் தெரியும், அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. தேய்த்த காசை விவரம் தெரிந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார், மதிப்பும் பாதிக்குக் கீழே போகலாம். செப்பில் பொடி பொடியாக, வெளிர்பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் மட்டும் அந்தக் காசைத் தனியே எடுத்து வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். அது நோய் மாதிரி, ஈரம் இருக்கும்வரை தின்றுகொண்டே போகும்.

கேள்வி: நானே 40 வருஷமாகச் சேர்ப்பவன். மகன்கள் இருவருக்கும் ஆர்வம் இல்லை. அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்துவிட்டால் என் பெயரும் நிற்கும், காசும் ஒன்றாக இருக்கும் அல்லவா?

பதில்: நல்ல எண்ணம் ஐயா, ஆனால் எழுதி வைப்பதற்கு முன்னால் அவர்களிடம் போய்க் கேளுங்கள். அருங்காட்சியகங்களில் பெரும்பாலான காசுகள் கிடங்கு அறையில்தான் இருக்கும், ஏற்கெனவே இருப்பதையே இன்னொன்று கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்வார்கள். பிரிக்கக் கூடாது, விற்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பல இடங்கள் ஏற்பதில்லை. அமெரிக்காவில் காரட் என்ற குடும்பத்தின் நாணயச் சேகரிப்பு அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து, 1942-இல் ஜான் வொர்க் காரட் இறந்தபோது உயில்படி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பல்கலைக்கழகம் பிற்பாடு அதை ஏலத்தில் விற்றது.

நிபந்தனை கெட்டியாக நின்றதற்கும் ஒரு கதை உண்டு. டென்மார்க்கில் வெண்ணெய் வணிகத்தில் சம்பாதித்த லார்ஸ் எமில் புரூன் 1923-இல் இறந்தார். முதல் உலகப் போரின் அழிவைப் பார்த்தவர், தன் நாட்டின் தேசிய நாணயச் சேகரிப்புக்கும் அப்படி ஏதாவது நேர்ந்தால் ஈடாக இருக்கட்டும் என்று, ஏறத்தாழ 20,000 உருப்படிகள் கொண்ட தன் சேகரிப்பை 100 வருஷம் விற்காமல் வைத்திருக்க உயில் எழுதினார். தேசியச் சேகரிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நூறு வருஷம் முடிந்து 2024-இல்தான் ஏலம் தொடங்கியது, பணம் அவருடைய வழித்தோன்றல்களுக்கு. நடுவில் வந்த தலைமுறைகளுக்கு அதில் கை வைக்க வழியே இருக்கவில்லை. ஒரு நாட்டுக்காகச் செய்ததால் அது பொருந்தியது. வீட்டுக்குள் அப்படிப் பூட்டு போட்டால் பிள்ளைகளுக்குச் சுமையாகத்தான் நிற்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் சேகரிப்பில் ஒரு ஊரின், ஒரு காலத்தின் காசுகள் ஓரளவு முழுமையாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அருங்காட்சியகத்துக்குக் கேட்டுப் பாருங்கள், பட்டியலோடு போனால் காது கொடுத்துக் கேட்பார்கள். மீதியை நீங்கள் தெம்பாக இருக்கும்போதே நீங்களே விற்றுவிடுங்கள். எது எவ்வளவு பெறும் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் மகன்களுக்குத் தெரியாது. ஏலத்துக்குக் கொடுப்பதானால் தரகு எவ்வளவு, இதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற குறைந்தபட்ச விலையை வைக்க முடியுமா, விற்காதவற்றைத் திருப்பி வாங்கச் செலவு உண்டா என்ற மூன்றையும் முதலில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மகன்களுக்கு ஆளுக்கு ஒரு காசு எடுத்து வையுங்கள், நீங்கள் முதன்முதலில் வாங்கியது இன்னும் கையில் இருந்தால் அதுவும் அதில் ஒன்றாக இருக்கட்டும். உறைமேல் குறிப்பை உங்கள் கையாலேயே எழுதுங்கள், பென்சிலால், காசை உள்ளே போடுவதற்கு முன்பே, இல்லாவிட்டால் அழுத்தி எழுதும் தடம் காசின் மேல் விழும்.