செம்மண், காவிக்கல் இவற்றில் இயற்கைப் பெயின்ட் செய்து துணியில் வரையலாமா? துவைத்தால் நிற்குமா?

நிற்கும். ஆனால் சாயம் நிற்பதைப் போல நிற்காது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

சாயம் தண்ணீரில் கரைந்து நூலுக்குள் இறங்கும். மண் கரையாது. எவ்வளவு அரைத்தாலும் அது துகள்தான். நூலின் மேல் உட்காரும், அவ்வளவே. அதைப் பிடித்து வைக்க ஒரு பசை வேண்டும். ஆகவே துகள் எவ்வளவு நைசு, பசை எது, வரைந்தபின் எத்தனை நாள் காயவிட்டீர்கள் என்ற மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

"வெள்ளை வேட்டியில் செம்மண் பட்டால் ஏழு ஜென்மத்துக்கும் போகாதே, அப்புறம் பசை எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கறை, மிக நைசான துகள்கள் நூலின் இடுக்கில் சிக்கியதால் வருவது. மங்கலாகத்தான் தங்கும். ஒரு கோடு கோடாகத் தெரிய வேண்டுமானால் அதைப் போலப் பல மடங்கு நிறம் மேலே நிற்க வேண்டும். அதைப் பசை இல்லாமல் நிறுத்த முடியாது.

முதலில் மண். மேல்மண்ணை விட்டுவிடுங்கள், அதில் மக்கிய இலையும் வேரும் இருக்கும், நாறும், பூசணம் பிடிக்கும். ஒரு முழம் தோண்டினால் கிடைக்கும் மண், கிணறு வெட்டிய இடத்து மண், சாலை வெட்டிய கரை இவை நல்லவை. ஈரமான மண்ணை விரல்களுக்கிடையே தேய்த்துக் கழுவிப் பாருங்கள். ரேகையில் நிறம் தங்கினால் அந்த மண் உதவும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மண்ணைப் பார்த்தால் ஆசை வரும், அப்படிச் சிவந்திருக்கும். ஆனால் அது பெரும்பாலும் மணல்; நிறம் மணலின் மேல் மெல்லிய பூச்சாக மட்டும் ஒட்டியிருக்கிறது. கூடை கூடையாகக் கழுவினாலும் கைப்பிடிதான் தேறும். கரிசலும் வேண்டாம். ஈரத்தில் கறுப்பு, காய்ந்தால் சாம்பல், அதோடு சுருங்கி வெடிக்கும்.

தோண்டச் சிரமமாக இருந்தால் நாட்டு மருந்துக் கடையில் காவிக்கல், பூங்காவி என்று கேளுங்கள். கோலத்துக்கு விற்கும் காவிப் பொடியில் சில நேரம் சாயம் கலந்திருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு நாள் அசையாமல் வையுங்கள்; எல்லாம் அடியில் படிந்தபின்னும் மேல் தண்ணீர் சிவப்பாகவோ ரோஸாகவோ தெளிவாக நின்றால் அது சாயம். அதே கடையில் பழைய ஓவியர்கள் பயன்படுத்திய ஜாதிலிங்கமும் அரிதாரமும் மனோசிலையும் கிடைக்கலாம். முதலாவது பாதரசம், மற்ற இரண்டும் ஆர்சனிக். உடம்பில் படும் துணிக்கு அவற்றை நினைக்கவே வேண்டாம்.

அடுத்து மண்ணைக் கழுவிப் பிரிப்பது. சல்லடையை மட்டும் நம்பாதீர்கள். வீட்டிலுள்ள எந்தச் சல்லடையும் இதற்குப் போதாது. தண்ணீர்தான் சரியான சல்லடை. ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்குங்கள். 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்றால் 30 விநாடி பொறுத்து மேல் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். மணல் அடியில் நின்றுவிடும். இரண்டாவது பாத்திரத்தில் மறுபடி கலக்கி இந்த முறை 5 நிமிடம் விட்டு, மேலே மிதப்பதை மட்டும் மூன்றாவது பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் 20 மைக்ரானுக்கு (0.02 மி.மீ.) மேற்பட்ட மண்துகளெல்லாம் இறங்கியிருக்கும். மூன்றாவதில் இருப்பதுதான் உங்கள் பெயின்ட். ஓரிரு நாள் படியவிட்டு, தெளிந்த நீரை இறுத்து, வண்டலைத் தட்டில் ஊற்றி வெயிலில் காயவைத்தால் பாளம் பாளமாக உரிந்து வரும்.

இந்த இடத்தில் பலருக்குச் சறுக்குவது தண்ணீரால். உப்புப் போர்த் தண்ணீரில் கலக்கினால் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாகி, சில நிமிடத்திலேயே எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். நைசானதும் கரடும் பிரியவே பிரியாது. மழைத்தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இதே தண்ணீர் பின்னால் பசைக்கும் வேண்டும்.

மஞ்சள் மண் கிடைத்தால் இரண்டு நிறம் கிடைத்த மாதிரி. அதன் மஞ்சள், நீரைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புத் தாதுவால் வருவது. பொடியை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தால், 250 முதல் 300 டிகிரி வாக்கில் அந்த நீர் வெளியேறி காவிச் சிவப்பாக மாறும். பாதியில் இறக்கினால் ஆரஞ்சு. சட்டியில் சூடாக இருக்கும்போது நிறம் கூடுதலாகக் கறுத்துத் தெரியும், ஏமாறாதீர்கள். ஒரு சிட்டிகை எடுத்து ஆறவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெள்ளைக்குச் சுண்ணாம்பு வேண்டாம், காரணம் கீழே வருகிறது. நாமக்கட்டி போதும். திருவண்ணாமலை மாவட்டம் ஜடேரியில் செய்வது வெள்ளைக் களிமண்தான். ஆனால் பசையோடு சேர்ந்ததும் அது பாதி கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். கறுப்புத் துணியில் பளிச்சென்ற வெள்ளையை எதிர்பார்க்க முடியாது. மற்ற நிறங்களை வெளிறவைக்கத்தான் சரி. கறுப்புக்கு விளக்குக் கரி. அதில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீரில் மிதந்து விளையாட்டுக் காட்டும். சில சொட்டு ஸ்பிரிட் விட்டுக் குழைத்தால் அடங்கும்.

இப்போது பசை. வேலம்பிசின், வேப்பம்பிசின் காகிதத்துக்கு அருமை. தண்ணீர் பட்டதும் கரையும் என்பதால் துணிக்கு உதவாது. பாலும் சுண்ணாம்பும் சேர்த்த பசை சுவருக்கு நல்லது, துணியில் அட்டை மாதிரி விறைத்து மடிப்பில் வெடிக்கும். துணிக்கு என் ஓட்டு சோயாபாலுக்கு. ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் 'பிங்காட்டா' என்ற துணி ஓவியத்துக்குத் தாதுப்பொடிகளை இதில்தான் குழைக்கிறார்கள். சோயாவின் புரதம் காயக் காய, நாள் ஆக ஆக, தண்ணீரில் கரையாத படலமாக இறுகும்.

100 கிராம் சோயாபீன்ஸை 8 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, 500 மி.லி. தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் மை போல அரைத்து, நெருக்கமான மல் துணியில் இருமுறை பிழியுங்கள். காய்ச்சக் கூடாது. கடையில் விற்கும் டப்பா சோயாபால் ஏற்கனவே காய்ச்சியது, பெரும்பாலும் சர்க்கரையும் கால்சியமும் சேர்த்தது. அது வேண்டவே வேண்டாம். பச்சைப்பால் நம்மூர் வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் புளித்துவிடும். வரையும் அன்று காலையில் அரைப்பதுதான் முறை.

இந்தப் பாலுக்கு எதிரி கால்சியம். டோஃபு என்ற சோயா பன்னீர் செய்வதே கால்சியம், மக்னீசியம் உப்பு சேர்த்துத் திரியவைத்துத்தான். சுண்ணாம்பு கலந்த நிறம், கடினத் தண்ணீர், சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) நிறைந்த மண் என்று எது சேர்ந்தாலும் பெயின்ட் திரிந்து தயிர்த் துணுக்குகளாகிவிடும். குழைத்ததும் பிரஷ்ஷை உயர்த்திப் பாருங்கள். ஒழுகுவது சீராக இருந்தால் சரி. சிறு சிறு கட்டியாக வழிந்தால் கொட்டிவிட்டு, மண்ணை மழைத்தண்ணீரில் இன்னும் இரண்டு முறை கழுவுங்கள்.

துணி பருத்தியாக இருக்கட்டும். காடாத் துணி உத்தமம். புதுத் துணியில் கஞ்சியும் பருத்தியின் இயற்கை மெழுகும் இருக்கும், அதன் மேல் எதுவும் ஒட்டாது. 100 கிராம் துணிக்கு 2 லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். கோராவாக (வெளுக்காத துணியாக) இருந்தால் இன்னொரு முறை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். நன்றாக அலசிக் காயவைத்து, ஒரு பங்கு சோயாபாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துணி முழுவதும் பிரஷ்ஷால் பூசி, தட்டையாக விரித்து நிழலில் காயவிடுங்கள். இதைத் தவிர்த்தால் கோட்டைச் சுற்றி ஈரம் பரவி ஓரம் பிசிறடிக்கும்.

10 கிராம் பொடிக்கு 30 முதல் 40 மி.லி. சோயாபால் என்பது ஆரம்பக் கணக்கு. மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். முதலில் ஒரு ஸ்பூன் விட்டுக் கல்வத்திலோ அம்மியிலோ கால் மணி நேரம் அரைத்து, நகத்தில் தடவிப் பார்த்து நறநறப்பு இல்லையென்றால் மீதியைச் சேருங்கள். காய்ந்த பொடியை அரைக்கும்போது தூசி மூச்சில் போகக்கூடாது. மண் தூசியில் சிலிக்கா உண்டு. ஈரமாகவே அரைப்பது நல்லது. பதம், காய்ச்சாத பசும்பால் அளவு நீர்ப்பாக இருக்க வேண்டும். தோசைமாவுப் பதத்தில் தடவினால் அன்றைக்கு அழகாக இருக்கும். காய்ந்ததும் மடித்தால் பொருக்காக உதிரும்.

மயிர் குட்டையான, விறைப்பான பிரஷ் எடுத்து, தடவுவதற்குப் பதில் நூலுக்குள் தேய்த்து இறக்குங்கள். முதல் கோட்டிங் வெளிறியிருந்தால் கவலைப்படாதீர்கள். காய்ந்தபின் இரண்டாவது, தேவையானால் மூன்றாவது. மெல்லிய மூன்று பூச்சு, தடித்த ஒன்றைவிட எப்போதும் உறுதி. ஈரத்தில் தெரியும் நிறத்தைவிடக் காய்ந்த நிறம் நன்றாக வெளிறும் என்பதால் துண்டுத்துணியில் பார்க்காமல் நல்ல துணியில் கை வைக்காதீர்கள்.

அதற்கப்புறம் பொறுமை. பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்: மறுநாளே துவைத்துப் பார்த்துவிட்டு "இதெல்லாம் சும்மா" என்கிறார்கள். நிழலில், காற்றோட்டமாக நாலு வாரம் தொங்கட்டும். ஒரு வாரம் கழித்து, மேலே ஒரு துணி போட்டு மறுபக்கத்திலிருந்து மிதமான சூட்டில் அயர்ன் செய்தால் இறுகுவது விரைவுபடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டாம். ஈரத்தில் புரதம் பூசணம் பிடித்து நாறும்.

நாலு வாரம் கழித்து, நனைத்த வெள்ளைத் துணியால் வண்ணத்தின் மேல் பத்துத் தரம் தேய்த்துப் பாருங்கள். லேசாக ஏறினால் பரவாயில்லை, அது மேலே தங்கிய உபரி. கோடு தெளிவாக வந்துவிட்டால் பொடி அதிகம், பால் குறைவு. துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தால் நேர்மாறு.

துவைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே: 'என்சைம்' என்று பெருமையாகப் போட்டு விற்கும் சலவைத்தூளைப் பயன்படுத்தவே கூடாது. ரத்தக்கறை, பால்கறையைத் தின்பதற்காகச் சேர்த்த அதே என்சைம் உங்கள் சோயாப் புரதத்தையும் தின்றுவிடும். பூந்திக்கொட்டை ஊறிய பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல், பிரஷ் போடாமல் உலர்த்துங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் தினமும் உடுத்தும் சட்டைக்கு இது ஏற்றதல்ல. அக்குளும் காலரும் உரசி மங்கும். பை, திரைச்சீலை, மேசை விரிப்பு, எப்போதாவது போடும் துப்பட்டா இவைதான் சரி.

கலம்காரியும் இப்படித்தானா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. கருப்பூரிலும் காளஹஸ்தியிலும் கடுக்காய் ஊட்டிய துணியில், இரும்பை வெல்லநீரில் ஊறவைத்த கரைசலால் கறுப்பு வரைகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் நூலுக்குள்ளேயே வினைபுரிந்து கறுக்கின்றன. செம்மண்ணிலும் இரும்புதான் இருக்கிறது, ஆனால் அது கரையாத வடிவத்தில் இருப்பதால் கடுக்காயோடு சேர்ந்து பெரிதாக எதுவும் நடக்காது. மாலி நாட்டில் 'போகோலான்' துணிக்குச் செம்மண்ணை விட்டுவிட்டு, நீர்நிலை அடியில் கிடந்த சேற்றை நெடுநாள் புளிக்கவைத்து எடுப்பது இதனால்தான்.

மீந்த பெயின்ட்டை ஃபிரிட்ஜில் வைத்தாலும் மறுநாளைக்கு மேல் நம்ப வேண்டாம். கழுவிக் காயவைத்த மண்பாளங்களை மட்டும் பாட்டிலில் போட்டு, எந்த ஊர் மண், வறுத்ததா இல்லையா என்று எழுதி வையுங்கள், அவை கெடுவதில்லை.