27 வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது, விரையும் வீங்கியது. இனி குழந்தை பிறக்காதா?

பயப்படாதீர்கள். பெரும்பாலானோருக்குப் பிறக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது கன்னத்தோடு போய்விடும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு, வேப்பிலை மஞ்சள் அரைத்துப் பூசி ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பார்கள். பருவம் வந்த ஆண்களுக்கு வந்தால்தான் கவனம் தேவை. தடுப்பூசி போடாதவர்களில் சுமார் 100-க்கு 15 முதல் 30 பேருக்கு, கன்னம் வீங்கிய ஒரு வாரம் பத்து நாளில் விரையும் வீங்குகிறது. விரையைச் சுற்றியுள்ள உறை இறுக்கமானது, விரிந்து கொடுக்காது. உள்ளே வீக்கம் ஏற ஏற அழுத்தம் கூடி, விந்தணு உற்பத்தியாகும் நுண்குழாய்கள் நசுங்குகின்றன. அதனால் சிலருக்குப் பின்னாளில் விரை சற்றுச் சுருங்கிவிடும். ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாதிக்கும். மற்றது வேலை செய்யும். இரண்டும் பாதித்தவர்களிலும் முழு மலட்டுத்தன்மை அரிது.

கடுங்காய்ச்சலே தற்காலிகமாக விந்தணுவைக் குறைக்கும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். ஆகவே இப்போதே பரிசோதித்து மனம் உடையாதீர்கள். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்யுங்கள். குறைவாக வந்தால் சிறுநீரியல் மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: கன்ன வீக்கம் இல்லாமல் திடீரென விரையில் கடுமையான வலி வந்தால் அது விரை முறுக்கமாக இருக்கலாம்; அதாவது விரை முறுக்கிக்கொண்டு அதற்குப் போகும் இரத்தம் தடைபடுவது. கூச்சப்பட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆறு மணி நேரம் தாண்டினால் விரையைக் காப்பாற்றுவது கடினம்.